டர்போ காருக்கு எந்த ஆயில்? மெக்கானிக், கடைக்காரர், மாமனார் மூவருக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி: நான் மேடவாக்கத்தில் இருக்கிறேன், சிறுசேரியில் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு வாங்கிய 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், மேனுவல் கியர். இதுவரை 28,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் ஆபீஸ் போய்வருவது, மாதம் ஒருமுறை விழுப்புரத்தில் அம்மா வீடு, அவ்வளவுதான் ஓட்டம். வாரண்டி முடியப்போவதால் இனி வீட்டுக்குப் பக்கத்திலேயே சர்வீஸ் விடலாம் என்று பார்க்கிறேன். ஆயில் விஷயத்தில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கம்பெனி சர்வீஸில் இதுவரை 0டபிள்யூ-20 ஊற்றியிருக்கிறார்கள். மெக்கானிக், "அது தண்ணி மாதிரி இருக்கும் மேடம், நம்ம ஊர் வெயிலுக்கு 5டபிள்யூ-40 போட்டுடலாம்" என்கிறார். ஆயில் கடைக்காரர், "ஃபுல்லி சிந்தெடிக் ஊத்திட்டா 15,000 கிலோமீட்டருக்குத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்" என்கிறார். ஒரு காலத்தில் அம்பாசிடர் வைத்திருந்த என் மாமனார், 20டபிள்யூ-50-க்குக் குறைந்த எதையும் ஆயிலாகவே ஒப்புக்கொள்வதில்லை. கார் கையேட்டில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 இரண்டும் போட்டு, ஏபிஐ எஸ்என் பிளஸ் அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

— வாசகி, மேடவாக்கம்

பதில்: வணக்கம் மேடம். நாலு பேர் சொன்னதை வரிசையாக எழுதிவிட்டு, கையேட்டைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கேட்க வேண்டியது அதைத்தான். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். அடுத்த சர்வீஸில் 5டபிள்யூ-30 கிரேடில், ஏபிஐ எஸ்பி அல்லது எஸ்க்யூ தரம் அச்சிட்ட ஃபுல்லி சிந்தெடிக் ஆயில் ஊற்றுங்கள். கிரேடு என்பது ஆயிலின் கெட்டியைச் சொல்லும் எண், ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறி. கூடவே ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். அதன் பிறகு 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது மறுபடியும் மாற்றுங்கள். பிராண்டு உங்கள் இஷ்டம். நாலு இடத்தில் கிடைக்கிற, பெயர் தெரிந்த கம்பெனி எதுவானாலும் சரி.

மாமனாரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் வீட்டில் தினமும் பதில் சொல்ல வேண்டியது அவருக்குத்தான். அவர் சொல்வது அவர் ஓட்டிய வண்டிக்குச் சரி. அம்பாசிடர் காலத்து எஞ்சினில் பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம். ஓட ஓட அது இன்னும் தேய்ந்து அகலமாகும். அந்த இடைவெளியில் நின்று தாங்குவதற்குக் கெட்டி ஆயில் வேண்டியிருந்தது. உங்கள் காரின் மூன்று சிலிண்டர் எஞ்சின் வேறு மாதிரி. அதில் ஆயிலுக்கு வழவழப்பு கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகங்களை ஆயில் அழுத்தம்தான் நகர்த்துகிறது. டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கும் அதே அழுத்தம்தான். இப்படிப்பட்ட எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்சி அதன் சூட்டைக் குறைக்கிறார்கள். இதற்கெல்லாம் ஆயில் போகும் வழி தலைமுடி கனத்தில் இல்லாவிட்டாலும் குறுகலானதுதான். எந்தக் கெட்டியில் ஆயில் வரும் என்று கணக்குப் போட்டே அந்த வழிகளைக் குடைந்திருக்கிறார்கள்.

காலையில் வண்டி எடுக்கும்போது எஞ்சினுக்குள் 30 டிகிரிதான் இருக்கும் என்று வையுங்கள். அந்த நிலையில் 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-30 ஆயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். 40 டிகிரியில் அளந்தால் பொதுவாக 5டபிள்யூ-30 ஆயில்கள் 60, 70 செண்டிஸ்டோக்ஸ் காட்டும். 20டபிள்யூ-50 ஆயில்கள் 150-க்கு மேல் போகும். செண்டிஸ்டோக்ஸ் என்பது ஆயில் எவ்வளவு தயங்கி ஓடுகிறது என்பதற்கான அளவு. எஞ்சினின் தேய்மானத்தில் கணிசமான பங்கு இந்த முதல் சில நிமிடங்களில் நடக்கிறது. அந்த நேரத்தில் டர்போவின் மெல்லிய குழாய்க்குக் கெட்டி ஆயில் தாமதமாகப் போய்ச் சேரும்.

சரி, சென்னை வெயில்? நம் ஊரில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே 30 டிகிரி அடித்தாலும் சரி, 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் அடித்ததுபோல 45 டிகிரி அடித்தாலும் சரி, எஞ்சினுக்குள் கூலன்ட்டின் (எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் திரவம்) சூட்டை 90, 100 டிகிரியை ஒட்டிப் பிடித்து வைப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. ஆயில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். வெளியில் ஏறும் பத்து டிகிரி அப்படியே உள்ளே ஏறுவதில்லை. (மாமனார் காலத்தில் வெயிலைக் காரணம் காட்டித் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடும் வழக்கம் இருந்தது. யாராவது உங்கள் காருக்கும் அந்த யோசனையைச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.)

ஆகவே கெட்டி ஆயிலுக்கு வெயில் ஒரு காரணமே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. கிரேடில் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கான எண். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். மார்கழியில்கூட ஃபேன் போட்டுத் தூங்கும் ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவே நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியப்போவதில்லை. பின்னால் வரும் எண்தான் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று சொல்கிறது. 100 டிகிரியில் 20 கிரேடு 6.9 முதல் 9.3 செண்டிஸ்டோக்ஸ் வரை, 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை.

இன்னொரு அளவும் உண்டு. பேரிங்குக்குள் நடப்பதுபோல 150 டிகிரி சூட்டில் ஆயிலை வேகமாக நசுக்கி அளப்பார்கள். அப்போதும் மிஞ்சும் கெட்டி, மில்லிபாஸ்கல்-செகண்ட் அளவில், 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30 கிரேடுக்கு 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5 இருக்க வேண்டும். கம்பெனிகள் 0டபிள்யூ-20-ஐ முதலில் போடுவதற்கு முக்கியக் காரணம் மைலேஜ். மெல்லிய ஆயிலைச் சுழற்ற எஞ்சினுக்குச் சக்தி குறைவாகச் செலவாகும். அந்தக் கிரேடிலும் எஞ்சின் பத்திரமாகத்தான் ஓடும், இதுவரை ஊற்றியதற்காகக் கவலைப்பட வேண்டாம். கையேடே 5டபிள்யூ-30-ஐயும் ஒத்துக்கொள்ளும்போது, நம் ஊர் நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்துபோகும் டர்போ வண்டிக்கு நான் அந்தக் கூடுதல் கெட்டியை எடுத்துக்கொள்வேன். மைலேஜில் குறைவது துளிதான்.

மெக்கானிக் சொன்ன 5டபிள்யூ-40 மோசமான ஆயில் கிடையாது. ஐரோப்பிய கார்கள் பலவற்றுக்குக் கையேட்டிலேயே அதுதான் இருக்கும். அங்கே கிரேடோடு சேர்த்துக் கார் கம்பெனியின் ஒப்புதல் எண் ஒன்றையும் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் 502 00 மாதிரி. உங்கள் கையேட்டில் 40 கிரேடு இல்லை. ஒருமுறை ஊற்றினால் எஞ்சின் ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் 5டபிள்யூ-30 என்று அச்சடித்த அனுமதி கையில் இருக்கும்போது அதைத் தாண்டிப் போக உங்கள் ஓட்டத்தில் எந்த அவசியமும் இல்லை. வாரண்டி முடிய இன்னும் சில வாரம் இருக்கிறது என்றால் நிச்சயமாக வேண்டாம்.

கையேட்டை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுவதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டில் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சின் வந்தது. அதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடும் ரப்பர் பெல்ட். அந்த பெல்ட்டுக்கு ஒத்துப்போகும் ஆயிலை ஃபோர்டு தனி எண் கொடுத்துக் குறிப்பிட்டிருந்தது, அதுவும் 5டபிள்யூ-20. பொருந்தாத ஆயிலில் பெல்ட் ஊறி, உதிர்ந்து, அந்தத் துகள்கள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கும் ஒரு மெக்கானிக்குக் கெட்டி ஆயில்தானே நல்லது என்றுதான் தோன்றும். உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்று செய்தவனுக்குத்தான் தெரியும்.

இப்போது டர்போவுக்கு வருவோம், சிந்தெடிக் ஏன் என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. புகைபோக்கி வழியாக வெளியேறும் வாயுவின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுற்றுகிறது, அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. உங்கள் காரில் இருப்பதுபோன்ற சிறிய டர்போவில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். பெட்ரோல் எஞ்சினில் அந்த வாயுவின் சூடு 900 டிகிரியைத் தாண்டும். பல டர்போக்களில் பால் பேரிங்குகூடக் கிடையாது. ஷாஃப்ட் மிதப்பது ஆயில் படலத்தின் மேல்தான். அந்த ஆயில்தான் சூட்டையும் அள்ளிக்கொண்டு கீழே எண்ணெய்த் தொட்டிக்கு இறங்க வேண்டும்.

ஓடும்போது பிரச்சினை குறைவு, ஆயில் வந்துகொண்டே இருக்கிறது. வேகமாக வந்து சட்டென்று நிறுத்தும்போதுதான் சிக்கல். ஆயில் பம்ப் நின்றுவிடும், விசிறிப் பக்கத்துச் சூடு மட்டும் ஷாஃப்ட் வழியாக உள்ளே ஏறும். அங்கே தேங்கிய கொஞ்ச ஆயில் அப்படியே வறுபட்டு, தோசைக்கல் ஓரத்தில் எண்ணெய் கருகி ஒட்டுவதுபோலக் கரியாக ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆகக் கரி சேர்ந்து குழாயின் வழி குறுகும், ஆயில் வரத்து குறையும், ஷாஃப்ட் ஆட்டம் கொடுக்கும். கடைசியில் நீலப் புகையும் விசில் சத்தமும்.

சாதாரண மினரல் ஆயிலில் நீளமும் குட்டையுமாகப் பல அளவு மூலக்கூறுகள் கலந்திருக்கும். லேசானவை சூட்டில் ஆவியாகும், நிலையற்றவை கருகும். சிந்தெடிக்கில் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே சீராக இருப்பதால் இரண்டும் குறைவு. இதற்கும் அளவு உண்டு: ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று பார்ப்பார்கள். ஏபிஐ எஸ்பி தரத்தில் 5டபிள்யூ-30 ஆயிலுக்கு 15 சதவீதம் வரை அனுமதி. நல்ல சிந்தெடிக் அதைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். கம்பெனியின் தகவல் தாளில் 'நோவாக்' என்ற பெயரில் இந்த எண்ணைப் பார்க்கலாம். டர்போ காருக்கு ஆயில் ஒப்பிட வேண்டுமென்றால் நான் முதலில் தேடும் எண் அதுதான். ஆவியாகும் ஆயில் காற்றோடு சேர்ந்து இன்டேக் வால்வுக்குப் போய்ப் படியும். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுவதால் அது வால்வின் மேல் படுவதே இல்லை, அதனால் அந்தப் படிவைக் கழுவ ஆளில்லை.

'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற எழுத்தை மட்டும் நம்பிக் கடைக்காரர் விற்கிறார். அந்த எழுத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆயிலின் அடிப்படை எண்ணெயை ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள். நான்காவது குரூப்பான பிஏஓ, ஐந்தாவதில் வரும் எஸ்டர் இவைதான் வேதியியல் கூடத்தில் கட்டிய சிந்தெடிக். மூன்றாவது குரூப், கச்சா எண்ணெயிலிருந்து வந்ததையே கடுமையாக ஹைட்ரஜன் ஏற்றிச் சுத்தப்படுத்தியது. இதைச் சிந்தெடிக் என்று விளம்பரப்படுத்தலாமா என்று அமெரிக்காவில் மொபில் தரப்பு காஸ்ட்ரால் மீது புகார் கொடுத்தது. 1999-இல் அங்குள்ள விளம்பரத் தீர்வு அமைப்பு, அப்படி அழைப்பதில் தவறில்லை என்றது. அதிலிருந்து மூன்றாவது குரூப் எண்ணெயும் அந்தப் பெயரிலேயே விற்கிறது. அது மட்டம் என்று நான் சொல்லவில்லை, இன்றைய நல்ல ஆயில்கள் பலவும் அதில் செய்தவைதான். கேனின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள் என்கிறேன்.

பின்பக்கத்தில் தேட வேண்டியது ஏபிஐ எஸ்பி. இது 2020 மே மாதம் வந்த தரம். 2025 மார்ச்சில் அடுத்தது, எஸ்க்யூ, வந்திருக்கிறது. புதியது பழையதற்குப் பதிலாகும், பழையது புதியதற்கு ஆகாது. உங்கள் கையேடு எஸ்என் பிளஸ் என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறது தெரியுமா? வெறும் எஸ்என்னில் இல்லாத ஒரு சோதனை அதில் சேர்ந்தது. எதற்கான சோதனை என்று சொல்கிறேன்.

கத்திப்பாரா மேம்பாலத்தில் நாலாவது கியரிலேயே மெதுவாக ஏறுகிறீர்கள், எஞ்சின் 1,500 சுற்றில் முக்குகிறது, நீங்கள் ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதிக்கிறீர்கள். டர்போ முழுக்காற்றைத் திணிக்கும். அந்த அழுத்தத்தில், சிலிண்டர் சுவரிலிருந்து தெறித்த ஆயிலும் பெட்ரோலும் கலந்த ஒரு சொட்டு, ஸ்பார்க் வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளலாம். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு. 'டங்' என்று ஒரு அடி கேட்கும். பலமாக விழுந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடைந்துபோகும். எல்எஸ்பிஐ, அதாவது குறைந்த வேகத்தில் முன்கூட்டியே பற்றிக்கொள்வது, என்று இதைச் சொல்கிறார்கள். எஸ்என் பிளஸ்ஸில் சேர்ந்த சோதனை இதற்குத்தான். ஆயிலில் அழுக்கை நீக்கச் சேர்க்கும் கால்சியம் அளவு கூடினால் இந்த ஆபத்தும் கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைக் கலந்து புது ஆயில்கள் வந்தன. எஸ்பி தரத்தில் இந்தச் சோதனையோடு டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் உண்டு. மேம்பாலத்தில் மூன்றாவது கியருக்கு இறங்குவது இதற்கெல்லாம் மேலான மருந்து, அது வேறு விஷயம்.

இதிலேயே நம் ஊர் ஆயில் கடைகளில் ஒரு கண்ணி இருக்கிறது. 'டர்போ' என்று கேனில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஆயில்கள் பல லாரி, டிராக்டர் டீசல் எஞ்சினுக்கானவை. 15டபிள்யூ-40, பின்னால் சிஐ-4 அல்லது சிகே-4 என்று இருக்கும். சி-யில் ஆரம்பித்தால் டீசல், எஸ்-ஸில் ஆரம்பித்தால் பெட்ரோல். டர்போ கார் என்று சொன்னதும் கடைப்பையன் நல்லெண்ணத்தில் அதை எடுத்துக் கொடுப்பான், விலையும் பாதி இருக்கும். டீசல் புகைக்கரியைச் சமாளிப்பதற்காக அதில் மேலே சொன்ன கால்சியம் வகை கிளீனர்கள் தாராளமாக இருக்கும். உங்கள் எஞ்சினுக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்து அந்த 15,000 கி.மீ. கதை. மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டி சிறுசேரி போவதற்குள் எத்தனை நிமிடம் நின்றிருப்பீர்கள் என்பது எனக்கு நீங்கள் சொல்லாமலே தெரியும். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து கிலோமீட்டர் மீட்டர் பொய்தான் சொல்கிறது. சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ. என்றால் 10,000 கி.மீ. ஓட எஞ்சின் 660 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். அதையே நெடுஞ்சாலையில் 60 கி.மீ. சராசரியில் ஓட்டினால் 170 மணி நேரம்கூட ஆகாது. ஆயிலுக்கு மணிக்கணக்குதான் தெரியும். கையேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள், 'கடினமான பயன்பாடு' என்று தனி அட்டவணை இருக்கும்: அடிக்கடி நின்று போகும் நெரிசல், குறைந்த தூர ஓட்டம், அதிகச் சூடு, தூசி. இவற்றில் பெரும்பாலானவை உங்களுக்குப் பொருந்தும். அந்த அட்டவணையில் ஆயில் மாற்றும் இடைவெளி பொதுவாகப் பாதியாக இருக்கும். நான் சொன்ன 5,000 கி.மீ. அங்கிருந்து வந்ததுதான். வருடத்துக்கு 9,000 கி.மீ. சொச்சம் ஓட்டுகிறீர்கள், ஆறு மாதமும் 5,000-மும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்துவிடும்.

இன்னொரு காரணம், பெட்ரோல் ஆயிலில் கலப்பது. நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. எஞ்சின் முழுச்சூடு ஏறுவதற்கு முன் கொஞ்சம் சுவரில் ஒட்டி, ரிங் வழியாகக் கீழே வழியும். ஆயில் நீர்த்துப்போகும், 30 கிரேடாக ஊற்றியது 20 மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது, குறைந்த தூர ஓட்டத்தில் அந்த ஈரமும் ஆயிலில் தங்கும். மாதம் ஒருமுறை விழுப்புரம் போகிறீர்களே, அது ரொம்ப நல்லது. இரண்டு மணி நேரம் ஒரே சூட்டில் ஓடினால் பெட்ரோலும் ஈரமும் நிறையவே ஆவியாகிவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) உருவித் துணியால் துடைத்து, முழுக்கச் செருகி மறுபடி எடுங்கள். முதல் தடவை எடுத்ததில் மேலெல்லாம் ஆயில் இழுசியிருக்கும், அதை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. இரண்டாவது தடவை கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில், முக்கால் பாகத்தில் இருந்தால் நிம்மதி. கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அழுக்கைச் சுமப்பது அதன் வேலை. ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவில் தேய்த்து மோந்து பாருங்கள். போன மாதம் பார்த்ததைவிட மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் வாடை மூக்கில் ஏறினால் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு ஆயிலை மாற்றுங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போனால் டர்போ பக்கம் அல்லது ரிங் வழியாக எரிகிறது என்று பொருள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீருக்குள் வண்டி நின்றுபோய், டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளிறிப் பால் நிறத்தில் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் நல்ல கடைகள் நிறைய இருக்கின்றன, போலியும் கலந்துதான் இருக்கிறது. பில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். மூடியின் சீல் உடையாமல் இருக்க வேண்டும், கேனில் அச்சான பேட்ச் எண்ணும் தேதியும் அழித்தெழுதியதுபோல இருக்கக் கூடாது. கியூஆர் கோடு இருந்தால் கடையில் நின்றபடியே ஸ்கேன் செய்யுங்கள். பில்லில் வெறுமனே 'எஞ்சின் ஆயில்' என்று எழுத விடாதீர்கள். கிரேடு, தரம், எத்தனை லிட்டர் மூன்றும் வேண்டும். நாளைக்கு எஞ்சினில் ஏதாவது என்றால் காட்ட அது ஒன்றுதான் சான்று. டிரம்மிலிருந்து பிடித்து ஊற்றும் ஒர்க்‌ஷாப் என்றால், நீங்களே சீல் உடையாத கேனைக் கொண்டுபோய்க் கண்முன்னால் திறக்கச் சொல்லுங்கள். ஊற்றியதும் காலி கேனை விட்டுவிட்டு வராதீர்கள். நல்ல மூடியோடு இருக்கும் காலி கேனுக்கு வெளியே விலை இருக்கிறது, போலிக்காரர்களுக்கு அதுதான் மூலதனம். ஸ்க்ரூடிரைவரால் நாலு குத்துக் குத்தச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

ஃபில்டரை ஒவ்வொரு ஆயிலுக்கும் மாற்ற வேண்டும், கம்பெனி ஃபில்டராகவே. எஞ்சின் நிற்கும்போது ஆயில் முழுக்க வடிந்துவிடாமல் பிடித்து வைக்க அதற்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது. மலிவு ஃபில்டரில் அது சரியாக மூடாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி கடகடவென்று செயின் சத்தம் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

'எஞ்சின் ஃப்ளஷ்', 'கோட்டிங்', 'ஆயில் ட்ரீட்மென்ட்' என்று எது சொன்னாலும் வேண்டாம். 28,000 கி.மீ. ஓடிய எஞ்சினில் கழுவ ஒன்றுமில்லை. நல்ல ஆயிலில் என்ன கலக்க வேண்டுமோ அதைக் கலந்துதான் கேனில் அடைத்திருக்கிறார்கள்.

ஓட்டுவதில் ஒன்றே ஒன்று. ஊரிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் 100-இல் வந்து மதுராந்தகம் பக்கம் காபிக்கு நிறுத்துவீர்கள் அல்லவா, கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வாருங்கள், அல்லது நிறுத்தி ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். வறுபடும் ஆயில் பற்றிச் சொன்னது இந்த இடத்துக்குத்தான். தினசரி ஆபீஸ் நெரிசலில் இது தேவையில்லை, அந்த ஊர்தலில் டர்போ சூடேற நேரமே கிடைப்பதில்லை. அணைத்த பிறகும் முன்பக்கம் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடினால் பழுது என்று நினைக்காதீர்கள். சூட்டை இறக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, மீதி ஆயில். உங்கள் எஞ்சினுக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கையேட்டில் பார்த்து அந்த அளவுக்கு மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். கேனில் இருப்பதை வீணாக்க வேண்டாமே என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும், டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்கவும் தடுமாறும். மிச்சத்தை மூடி, டிக்கியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் மட்டம் குறைந்தால் அதையே ஊற்றலாம். வீட்டில் இருக்கும் கியர் பைக்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடும், கார் ஆயிலில் இருக்கும் வழுக்கல் சேர்மானத்தில் கிளட்ச் பிடிக்காமல் நழுவும். பைக்குக்கு 'ஜாசோ எம்ஏ' என்று போட்ட ஆயில் தனியாக வாங்க வேண்டும்.